ஒரு விரல் சுண்ணாம்பு: கள் தடையும் அரசின் மதுக்கடையும்

பனைவிளை (இழையைத் தொடங்கியவர்)

சுதந்திரவாதம், அதாவது தனிமனிதன் விஷயத்தில் அரசு கைவைக்கக் கூடாது என்ற கொள்கை, என்று இங்கே யாராவது இழை தொடங்கினால், இரண்டாவது பதிவிலேயே பேச்சு அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்துக்கோ, அர்ஜென்டினா அதிபர் மிலேயின் செலவுக் குறைப்புக்கோ போய்விடுகிறது. தனிமனிதனின் எல்லை எங்கே முடிகிறது, அரசின் கை எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அந்த எல்லை ஒரு விரல் சுண்ணாம்பு.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம், செம்மண் தேரியின் ஓரம். அப்பா பனையேறி. மாசி வாக்கில் பாளை விட்டதும் வேலை தொடங்கும். ஆடி வரை ஓயாது. விடியும் முன் ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். கட்டும் முன் சுண்ணாம்பைத் தொட்டுக் கலயத்தின் உள்வயிற்றில் ஒரு சுற்று இழுப்பார். அந்தச் சுற்று இருந்தால் இறங்குவது பதநீர். இல்லாவிட்டால் அதே மரம், அதே பாளை, அதே கலயம், இறங்குவது கள். காற்றிலுள்ள ஈஸ்ட் மீதி வேலையைச் செய்துவிடும். பதநீரைச் சாலையோரம் வைத்து விற்கலாம். காய்ச்சிக் கருப்பட்டியாக்கினால் அரசே ஊக்குவிக்கும். கள்ளாக இறக்கி விற்றால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றவாளி.

1988 பங்குனியில் தாத்தாவுக்கு நடந்ததை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். காவலர்கள் வந்து, இறக்கி வைத்திருந்த கலயங்களைச் சாய்த்து, உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்த்தார்களாம். விரலில் வெள்ளை ஒட்டினால் விட்டுவிடுவார்கள். மூன்று கலயங்களில் ஒட்டவில்லை. மூன்றையும் மரத்தூரில் அடித்து உடைத்துவிட்டுத் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பருவம் முழுவதும் அவர் மரம் ஏறவில்லை. அவரை நடத்திக் கொண்டுபோன அதே சாலையில் உரிமம் பெற்ற பிராந்திக் கடை ஒன்று திறந்திருந்தது. 1987இல் கள்ளையும் சாராயத்தையும் தடைசெய்த அரசு, சீமைச் சரக்கைத் தடைசெய்யவில்லை. 1983லேயே டாஸ்மாக்கைத் தொடங்கி மொத்த வியாபாரத்தைத் தன் கையில் வைத்திருந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது.

குடி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் அப்பா உட்பட யாரும் குடிப்பதில்லை. ஒருவன் தன் நிலத்தில், தன் மரத்தில், தன் உழைப்பில் இறக்கிய பொருளைத் தெரிந்தே வாங்க வருகிறவனுக்கு விற்பதைத் தடுக்க அரசுக்கு என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்கிறேன். உடல்நலம்தான் நியாயம் என்றால், கள்ளைவிட ஏழெட்டு மடங்கு வலுவான பிராந்தியை அதே அரசு எப்படி விற்கிறது? 42.8 சதவீத ஆல்கஹாலை அரசு விற்கலாம், ஐந்தாறு சதவீதத்தைப் பனையேறி விற்கக் கூடாது என்றால், அதை மதுவிலக்கு என்று சொல்லாதீர்கள். போட்டிக்காரனை விரட்டிவிட்டுச் செய்யும் வியாபாரம் அது.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் எழுதுங்கள். 

சேலத்துச் செவிலி

தம்பி, உங்கள் தாத்தாவுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "தெரிந்தே வாங்க வருகிறவன்" என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அந்தச் சொல்லில்தான் என் இருபத்திரண்டு வருட வேலை இருக்கிறது.

வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு நாற்பது வயது கூட இருக்காது. கூட வருகிற பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கும். தாலி எப்போதோ அடகுக்குப் போயிருக்கும். குடிக்க அவன் தேர்ந்தெடுத்தான், சரி. அடகு வைக்க அவளா தேர்ந்தெடுத்தாள்? உங்கள் தத்துவத்தில் விற்கிறவன் இருக்கிறான், வாங்குகிறவன் இருக்கிறான். அவள் எங்கே நிற்கிறாள்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போனால் முதலில் கண் நரம்பைத்தான் பிடிக்கும். "எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது" என்பார்கள், பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல. சிலருக்கு உயிர் தப்பியும் பார்வை திரும்பாது. சுதந்திரம் பேசுகிறவர்கள் ஒரு நாள் அந்த வார்டில் நின்று பாருங்கள்.

எனக்குக் கள்ளுக்கடையும் வேண்டாம், அரசுக் கடையும் வேண்டாம்.

கட்டற்றவன்

அக்கா சொன்ன கருணாபுரம்தான் தடை எதிர்ப்பாளர்களின் மிகப் பெரிய சான்று. ஒளித்துக் கடத்த வேண்டிய பொருள் எப்போதுமே சின்னதாகவும் வலுவானதாகவும் மாறும். கள்ளைக் குடம் குடமாகக் கடத்த முடியாது, ஒரே நாளில் புளித்துவிடும். தொழிற்சாலைக்கென்று வந்த மெத்தனாலைக் கேனில் கடத்தித் தண்ணீர் கலந்து பாக்கெட் போடலாம். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நடந்ததும் அதுதான்: பீர் குடித்துக்கொண்டிருந்த நாடு கள்ள விஸ்கிக்கு மாறியது. 2016இல் மதுவிலக்குக் கொண்டுவந்த பீகாரிலும் விஷச்சாராயச் சாவுகள் நிற்கவில்லை.

புரூஸ் யாண்டில் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1983இல் ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையை மூடச் சொல்லிப் பாதிரியார் அறத்தின் பெயரால் போராடுவார். அன்றைக்குத் தன் சரக்கு மட்டும் விற்கும் என்பதால் கள்ளச்சாராயக்காரன் பின்னாலிருந்து ஆதரிப்பான். இருவருக்கும் வேண்டிய சட்டம் ஒன்றே. கள் தடையிலும் மேடையில் அறம் பேசுகிறவர்களுக்குப் பின்னால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆலைகளும், ஒரே ஒரு விற்பனையாளரும்.

வரிக்கணக்கர்

கொள்கை பேசும் முன் எண்களைப் பார்த்துவிடுவோம். நான் இந்தத் துறையில் வேலை செய்தவன் இல்லை. வணிகவரிக் கணக்குகளோடு முப்பது வருடம் பழகியவன்.

சில்லறை விற்பனையை அரசு எடுத்துக்கொண்ட 2003-04இல் ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் சேர்ந்து 3,600 கோடி ரூபாய் சொச்சம். 2023-24இல் 45,855 கோடி. 2024-25இல் 48,344 கோடி. மாநிலத்தில் சுமார் 2.25 கோடி ரேஷன் கார்டுகள் இருக்கின்றன. வகுத்துப் பாருங்கள்: ஒரு கார்டுக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இது வரி மட்டும். பாட்டிலின் முழு விலை இன்னும் அதிகம். குடிக்காத வீடுகளையும் சேர்த்து எடுத்த சராசரி என்பதால் குடிக்கும் வீட்டின் பங்கு இதைவிடப் பெரிது. மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000, ஆண்டுக்கு 12,000. அதுவும் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. செவிலி அம்மா கேட்டாரே, அந்தப் பெண் எங்கே நிற்கிறாள் என்று. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே நிற்கிறாள்.

பனைவிளைத் தம்பி ஒரு காரணத்தை விட்டுவிட்டார். அரசுக்குப் பனையேறி மீது வன்மம் ஒன்றும் இல்லை. எண்ண முடிந்ததை அரசுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆலை வாசலில் பெட்டி பெட்டியாக, முத்திரையோடு, ஹாலோகிராம் ஒட்டி வரும் பாட்டிலை ஒரே இடத்தில் நின்று எண்ணிவிடலாம். லட்சக்கணக்கான மரங்களில் தினம் இரண்டு வேளை சொட்டி, சாயங்காலத்துக்குள் புளித்துப்போகும் ஒன்றை எப்படி எண்ணுவது? வெள்ளைக்காரன் எண்ணினான். மரத்துக்கு எண் போட்டு மரவரி, கடைக்கு ஏலம் என்று ஆள் வைத்து வசூலித்தான். அந்தப் பாடு இப்போது யாருக்கும் வேண்டாம்.

இன்னொன்று. 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு மாநில அரசு தானாக விகிதம் வைக்கக்கூடிய பெரிய வரிகள் மிகக் குறைவு: மது, பெட்ரோல்-டீசல், பத்திரப்பதிவு, வாகன வரி. குடிக்கும் மது ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்பதால்தான் அதன் மேல் அத்தனை பாரமும் வந்து விழுகிறது. எந்தக் கட்சி வந்தாலும் நிதியமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் கை இந்தப் பக்கம்தான் நீளும். குடிகாரனை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கருவூலமும் அதே பழக்கத்தில்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், முதுகுளத்தூர்

இந்த இழையை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். சுதந்திரவாதம் என்றவுடன் வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்கிறீர்கள். பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்ஜியம் என்று பெயர் வைத்து, 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி எதிர்த்தவர் நம் ராஜாஜி. 1967இல் அக்கட்சிக்கு மக்களவையில் 44 இடங்கள் கிடைத்தன. அரசு வியாபாரம் செய்யக் கூடாது, விவசாயியின் நிலத்தைப் பிடுங்கிக் கூட்டுப்பண்ணை வைக்கக் கூடாது என்று அந்த வயதிலும் ஊர் ஊராகப் பேசியவர்.

அதே ராஜாஜிதான் 1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971இல் மதுவிலக்கை நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தொண்ணூறைத் தாண்டிய உடம்போடு மழையில் கலைஞர் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக் கேட்டார். சந்தையின் சுதந்திரத்துக்காக முதுமைக் காலத்தைச் செலவழித்த மனிதர் மதுவை மட்டும் விலக்கி வைத்தார் என்றால், அதில் நாம் யோசிக்க ஏதோ இருக்கிறது. குடிப்பவன் தன் சுதந்திரத்தையே விற்கிறான், சுதந்திரத்தை அழிக்கச் சுதந்திரம் கேட்க முடியாது என்பதே நான் புரிந்துகொண்டது.

வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். பெரியார் தம் தோப்பில் தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். இவர்கள் எல்லோருமா சர்வாதிகாரிகள்?

பனைவிளை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்ன மூவரையும் மதிக்கிறேன். மூவரையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க அனுமதியுங்கள்.

பெரியார் வெட்டியது தம் தோப்பு மரங்களை. தம் சொத்தில் தம் மனச்சாட்சிப்படி செய்தார். ஒரு சுதந்திரவாதி அதில் குறைசொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் தாத்தாவின் கலயம் வேறொருவர் கையால் உடைந்தது.

வள்ளுவர் குடிக்காதே என்கிறார். அந்த அதிகாரத்தின் இரண்டாம் குறளிலேயே, குடிப்பதானால் சான்றோர் மதிப்பு வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் குடித்துக்கொள்ளட்டும் என்றும் சொல்கிறார். அந்த அதிகாரத்தில் அவர் பெரும்பாலும் கையில் எடுப்பது வெட்கத்தை. தாய் முகத்தில் விழிக்க முடியாதே, ஊர் சிரிக்குமே என்று மனிதனிடம் பேசுகிறார். தண்டனை கொடு என்று மன்னனிடம் அங்கே பேசவில்லை. மன்னனே கடை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவே இல்லை.

ராஜாஜியைப் பற்றி ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மதுவிலக்கால் வருமானம் போனபோது அவர் என்ன செய்தார்? 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஒரு தவறை நிறுத்தினால் கருவூலத்தில் ஓட்டை விழும் என்பதை மறைக்காமல், அந்த ஓட்டையை எல்லோருடைய பணத்திலும் அடைக்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய மதுவிலக்கில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நேர்மையில் உண்டு. இப்போது இருப்பதில் அவருடைய தடையும் இல்லை, அவர் பேசிய சுதந்திரமும் இல்லை. ஏழைக்குத் தடை, கருவூலத்துக்குச் சுதந்திரம்.

சட்டம் இதற்கு முழுத் துணை நிற்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது. 1951இன் முதல் திருத்தம் எந்தத் தொழிலிலும் மக்களை முழுவதுமாக விலக்கிவிட்டு அரசே நடத்த வழிவிட்டது. மது வியாபாரம் செய்ய யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை, அரசு விரும்பினால் தானே ஏகபோகமாக நடத்தலாம் என்று 1994இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தீயது என்பதால் குடிமகனுக்கு உரிமை இல்லாத தொழில், அரசின் கைக்குப் போனதும் எப்படித் தூய்மையாகிறது? அந்தத் தீர்ப்பைப் பலமுறை படித்தும் எனக்கு இது மட்டும் விளங்கவில்லை.

செவிலி அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன். அவசரமாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது.

பாலக்காட்டான்

தமிழ்நாட்டு நண்பர்கள் கேரளத்தைக் காட்டி "அங்கே கள் இருக்கிறதே" என்று சொல்வது வழக்கம். நான் சித்தூர் தாலுகாக்காரன். கேரளக் கள்ளுக்கடைகள் பலவற்றுக்குக் கள் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்துதான் விடியற்காலையில் வண்டி ஏறிப் போகிறது. உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

இறங்கும் கள் குறைவு, விற்கும் கள் அதிகம். நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. தண்ணீர், சாக்கரின், அதற்கு மேல் மயக்க மருந்து. குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம் என்று சோதனைகளில் வெளிவந்த செய்திகள் எங்களுக்குப் புதிதில்லை. உங்கள் அரசு கள்ளைத் திறக்கத் தயங்கக் கலப்படத்தைக் காரணம் காட்டும்போது, அது முழுப் பொய் இல்லை.

ஆனால் கலப்படம் எங்கே நடக்கிறது என்பதைப் பாருங்கள். தோப்பில் நடப்பதில்லை. ஏறி இறக்குகிறவன் கண்டவருக்கு விற்க முடியாது; உரிமம் எடுத்த கடைக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டும். கடைகளின் உரிமம் தொகுப்புத் தொகுப்பாகக் கொடுக்கப்படுகிறது. உரிமத்துக்குப் பணம் கட்டியவர், சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடையைத் திறந்து வைத்தாக வேண்டும். தோப்பில் மரத்தடியில் வாங்கிக் குடித்த கள்ளும், நூறு கிலோமீட்டர் தள்ளி மேசையில் வரும் கள்ளும் ஒரே பெயரில் இரண்டு பொருள்கள். நாக்கே சொல்லிவிடும்.

எங்களுக்கு நல்லதாக அமைந்தது நலநிதி. கள்ளிறக்கும் தொழிலாளிக்கு அறுபதுகளின் இறுதியிலேயே தனிச் சட்டம் வந்து, ஓய்வூதியம் வரை கிடைக்கிறது. மரத்திலிருந்து விழுந்தவன் தெருவுக்கு வரவில்லை. கட்டற்றவன் போன்றவர்கள் இதையும் வேண்டாம் என்பீர்களா?

கட்டற்றவன்

கட்டாயப்படுத்தாத நலநிதி என்றால் வரவேற்பேன். உரிம முறைபற்றி நீங்கள் எழுதியதை வரிக்கு வரி ஏற்கிறேன். உரிமத்தின் எண்ணிக்கையை அரசு சுருக்கினால், அந்தச் சுருக்கத்தின் விலையைக் குடிப்பவன் கலப்படமாகக் கொடுக்கிறான். தமிழ்நாட்டில் 2003க்கு முன் தனியார் கடைகள் இருந்தபோதும் உரிமங்கள் கூட்டணி போட்ட சிலர் கைக்குப் போனதைத்தான் அரசு கையகப்படுத்தக் காரணமாகச் சொன்னார்கள். என் கருத்து எளிது: அரசுக் கடைகளையெல்லாம் மூடுங்கள், உரிமம் என்பதே வேண்டாம், யார் வேண்டுமானாலும் எதையும் விற்கட்டும். விஷம் கலந்தவனைக் கொலைக் குற்றத்தில் பிடியுங்கள்.

சேலத்துச் செவிலி

செத்த பிறகு கொலையாளியைப் பிடிப்பது உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது.

உப்சாலா வாசகன்

ஸ்வீடனில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கேயும் மது விற்பது அரசு நிறுவனம்தான், சிஸ்டெம்போலாகெட் என்று பெயர், 1955இலிருந்து நடக்கிறது. ஆகவே அரசின் ஏகபோகம் என்றாலே கொள்ளை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஞாயிறு கடை கிடையாது. இருபது வயது நிரம்பாதவருக்குக் கிடையாது. நிறைய வாங்கினால் தள்ளுபடி என்பதெல்லாம் இல்லை. லாபம் பெருக்குவதற்கு இல்லை, கேட்டைக் குறைப்பதற்கே நீ இருக்கிறாய் என்று அதற்குச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த இழைக்கு உதவக்கூடியது வேறொன்று. 3.5 சதவீதம் வரையுள்ள பீரைப் பால், ரொட்டி விற்கும் சாதாரண மளிகைக் கடையிலேயே வாங்கலாம். அதற்கு மேல் வலு உள்ளதுதான் அரசுக் கடைக்குப் போகும். பக்கத்து நார்வேயிலும் இதே முறை, அங்கே வரம்பு 4.7. மென்மையானது கைக்கெட்டும் தூரத்தில், கடுமையானது கட்டுப்பாட்டில். தமிழ்நாட்டில் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறோம். கள் ஐந்தாறு சதவீதம் என்றால் இங்கேகூட மளிகைக் கடையில் விற்க விடமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கள்ளைத் தடைசெய்துவிட்டுப் பிராந்தியை விற்கும் யோசனை இவர்களுக்கு விளங்கவே விளங்காது.

வடமராட்சியான்

யாழ்ப்பாணத்திலிருந்து சில வரிகள். எங்களிடம் கள்ளுத் தவறணை, நீங்கள் சொல்லும் கள்ளுக்கடை, இன்றைக்கும் இருக்கிறது. நடத்துவது அரசும் இல்லை, முதலாளியும் இல்லை. எழுபதுகளில் தொடங்கிய பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள். சீவல் தொழிலாளி காலையிலும் மாலையிலும் கள்ளைக் கொண்டுவந்து சங்கத்தில் அளந்து கொடுப்பார், புத்தகத்தில் பதிவார்கள், காசு கணக்கில் சேரும். மிஞ்சிய கள் போத்தலில் அடைபடும், இல்லையென்றால் வடிசாலைக்குப் போகும். போர்க்காலத்தில் எல்லாம் சிதைந்தது, திரும்பக் கட்டினார்கள். இப்போதும் கடன், அரசியல் தலையீடு என்று சிக்கல்கள் இல்லாமல் இல்லை.

தமிழ்நாட்டு உறவுகள் "அரசா, தனியாரா" என்று இரண்டே கதவுகளைப் பார்க்கிறீர்கள். தொழில் செய்கிறவர்கள் தாங்களாகச் சேர்ந்து நடத்துவது மூன்றாவது கதவு. சுதந்திரவாதிகளுக்கு அதில் மறுப்பு இருக்க முடியாது என்று நினைக்கிறேன், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தாதவரை.

பனைவிளை

மறுப்பே இல்லை ஐயா. சுதந்திரம் என்றால் தனித்தனியாக நிற்பது என்று யாரோ எங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். நான்கு பனையேறிகள் சேர்ந்து சங்கம் வைப்பதும், அந்தச் சங்கத்தை விட்டு விலக முடிவதும் சுதந்திரம்தான்.

செவிலி அக்கா, உங்களுக்கு.

மூன்று நாளாக உங்கள் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒப்புக்கொண்டால் போதும் என்பது என் வாதத்தின் பலவீனமான இடம். ஒப்புதல் கேட்கப்படாத மூன்றாவது ஆள் அந்த வீட்டில் இருக்கிறாள். அவளுடைய கூலியை அவன் எடுத்துக்கொண்டால் அது திருட்டு. அவளை அடித்தால் அது வன்முறை. இரண்டையும் குடியின் கணக்கில் எழுதி மன்னித்துவிடுகிறது ஊர். ஒருவன் உடம்பையும் உழைப்பையும் இன்னொருவன் தொடக் கூடாது என்பது சுதந்திரவாதத்தின் முதல் வரி. அதில் மனைவிக்கு விதிவிலக்கு எழுதிய சுதந்திரவாதி இருந்தால் அவன் பொய்யன். அரசு கையில் இருக்கும் காவலரை எங்கே நிறுத்துவது என்று என்னைக் கேட்டால், பனங்காட்டிலிருந்து எடுத்து அவள் வீட்டு வாசலுக்கு அனுப்புங்கள் என்பேன். 2024இல் சட்டத்தைத் திருத்திக் கள்ளச்சாராயச் சாவுக்கு ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். நல்லது. குடித்துவிட்டு மனைவியின் கையை உடைத்தவன் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள்?

நான் கேட்பது இதுதான். பனை, தென்னைக் கள்ளை மட்டும் குற்றப்பட்டியலிலிருந்து எடுங்கள். இறக்கியவரோ அவர்கள் சங்கமோ மட்டுமே விற்கலாம். ஏலம் வேண்டாம், குத்தகை வேண்டாம், ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது வேண்டாம். அன்றைக்கு இறக்கியது அன்றைக்கே. கட்டற்றவனுக்கு இது போதாது என்று தெரியும். எனக்கும் இதில் சில கட்டுகள் உறுத்துகின்றன. ஆனால் பாலக்காட்டான் எழுதியதைப் படித்த பிறகு, மரத்துக்கும் குடிப்பவனுக்கும் நடுவே தூரம் கூடக்கூடத்தான் விஷம் சேர்கிறது என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. வரிக்கணக்கர் ஐயா, மரவரி போட்டுக்கொள்ளுங்கள். அப்பா கட்டுவார். 2025 ஜூனில் சீமான் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கியபோது ஊடகங்கள் எல்லாம் வந்தன. அவர் இறங்கியதும் போய்விட்டன. மரவரியா, சங்கமா, சோதனை எப்படி என்று இந்த இழையில் நாம் பேசிய அளவுக்குக்கூட அன்றைக்கு யாரும் பேசவில்லை.

வரிக்கணக்கர்

மரவரி வந்தாலும் 48,000 கோடிக்கு முன் அது தூசு. ஆகவே வருமானத்துக்காக என்று யாரும் இதைச் செய்யப்போவதில்லை. சட்டமன்றத்தில் எழுந்து, அந்தத் தொகையில் ஆண்டுக்கு இவ்வளவு குறைப்போம், அந்த இடத்தை இந்த வரியால் நிரப்புவோம் என்று ஒரு கட்சி எழுதிக் காட்டட்டும். 1939இல் ஒருவர் காட்டினார். அதற்குப் பிறகு மது பற்றி வந்த தேர்தல் அறிக்கைகளில் அந்தப் பத்தி மட்டும் எப்போதும் காணாது.

சேலத்துச் செவிலி

தம்பி, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. சுதந்திரவாதத்தின் முதல் வரி என்று நீங்கள் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. காவலரை வாசலுக்கு அனுப்புவது பற்றி நீங்கள் நினைப்பதுபோல் எளிதில் நடக்காது. புகார் கொடுத்துவிட்டு இரவு அதே வீட்டுக்குத்தான் அவள் திரும்ப வேண்டும். அது தனி இழைக்கான விஷயம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் ஒருவன், கல்லீரல் கெட்டுப்போய் இனி ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று சொல்லி அனுப்பியவன், நாளைக்கு உங்கள் அப்பாவின் மரத்தடிக்கு வந்து நின்றால் என்ன செய்வார்? தத்துவம் வேண்டாம். அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பனைவிளை

கேட்டேன் அக்கா. இப்போது பருவம் முடியும் நேரம், பாளை வற்றத் தொடங்கிவிட்டது, அதனால் அப்பா கொஞ்சம் உட்கார்ந்து பேசினார்.

தாத்தா காலத்தில், தடை வருவதற்கு முன்பு, கள் குடிக்க வருகிறவர்கள் எல்லாருமே தெரிந்தவர்கள்தானாம். யார் எவ்வளவு குடிப்பான், யாருக்கு ஏறினால் கை நீளும் என்பதெல்லாம் பாட்டிக்கு அத்துப்படி. இரண்டு வீட்டுப் பெண்கள் பாட்டியிடம் வந்து, "எங்கள் வீட்டுக்காரருக்கு ஊற்றாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனதாகவும், பாட்டி அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர்களுக்குப் பதநீர்தான் கொடுத்ததாகவும் அப்பா சொன்னார். ஒருவன் சண்டை போட்டிருக்கிறான். தாத்தா பாளை அரிவாளைக் கீழே வைக்காமலேயே பதில் சொல்லியிருக்கிறார்.

"டாக்டர் கூடாது என்றவனுக்கு நான் எப்படிக் கொடுப்பேன்? நாளைக்கு அவன் சாவுக்கு நான்தானே போக வேண்டும்" என்று கேட்டார் அப்பா.

சேலத்துச் செவிலி

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் விற்பதாக இருந்தால் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் எல்லா மரத்தடியிலும் உங்கள் பாட்டி இருக்கமாட்டார்கள் என்ற பயம் எனக்கு அப்படியே இருக்கிறது. இன்றைக்கு இரவுப் பணி. கிளம்புகிறேன்.